ஸ்டூவர்ட் ஹாலைத் தனியாகப் படிக்கப் போகிறவர்களுக்கு

ஸ்டூவர்ட் ஹாலைப் படிக்கலாம் என்று இறங்குகிற எல்லாரும் முதலில் கேட்பது, "அவருடைய முக்கியமான புத்தகம் எது?" என்பதுதான். அப்படி ஒரு புத்தகம் கிடையாது. கறுப்பின மக்களின் பாட்டு, சினிமா, உடை, தொலைக்காட்சியில் அவர்கள் காட்டப்படும் விதம் ஆகியவற்றைப் பல்கலைக்கழகம் பொருட்படுத்தும்படி செய்தவர்களில் முன்வரிசையில் நிற்பவர் அவர். 1932இல் ஜமைக்காவில் பிறந்து, பிரிட்டனில் வாழ்ந்து எழுதி, 2014இல் இறந்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் எழுதினார். ஆனாலும் ஒரே பொருளை எடுத்து, தொடக்கம் முதல் முடிவு வரை தனி ஆளாக எழுதிய ஆய்வு நூல் ஒன்றைக்கூட உயிரோடு இருந்தபோது வெளியிடவில்லை. எல்லாம் கட்டுரை, கருத்தரங்கப் பேச்சு, பாடநூல் அத்தியாயம், அல்லது நாலைந்து பேர் சேர்ந்து எழுதியது. இதை எனக்குச் சொல்ல ஆள் இல்லை. பாடத்திட்டத்தில் அவர் பெயருக்குக் கீழே ஒரு வரைபடம் இருந்தது, அவ்வளவுதான். மிச்சத்தைத் தனியாகத் தேடிப் போனதில் பல மாதங்களும் பல ஆயிரம் ரூபாயும் போயின. அதைவிட மோசமானது, ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தும் பிடி கிடைக்காதபோது "நமக்குத்தான் மண்டையில் ஏறவில்லை" என்று வரும் வெட்கம். பல இடங்களில் அது மண்டையின் குறை இல்லை, படித்த வரிசையின் கோளாறு என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

பணத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1996இல் டேவிட் மோர்லியும் குவான்-சிங் சென்னும் தொகுத்த 'கிரிட்டிகல் டயலாக்ஸ்' என்ற தடிமனான புத்தகம்தான் பல காலம் ஹாலுக்கு நுழைவாயிலாக இருந்தது. பாதிக்கு மேல் மற்றவர்கள் அவரைப் பற்றி எழுதியது. நடுநடுவே அவருடைய கட்டுரைகள். அதன்பின் 2019இல் டியூக் பல்கலைக்கழகப் பதிப்பகம், அதே மோர்லி தொகுத்த 'எசென்ஷியல் எஸ்ஸேஸ்' இரண்டு தொகுதிகளைக் கொண்டுவந்தது. இரண்டையும் வாங்கினால் இத்தாலிய மார்க்சியர் கிராம்சியை வைத்து இனம் பற்றி ஹால் எழுதிய கட்டுரை, பண்பாட்டு ஆய்வுகளின் கோட்பாட்டு மரபு பற்றிய கட்டுரை, கறுப்பு வெகுசனப் பண்பாடு கட்டுரை, வாழ்க்கை பற்றிய நீண்ட நேர்காணல் எல்லாம் இரண்டு முறை கைக்கு வரும். பிரபலமான தொலைக்காட்சிக் கட்டுரையோ (பின்னால் வரும் 'என்கோடிங் – டிகோடிங்') 1996 தொகுப்பில் கிடையாது. அது 'எசென்ஷியல் எஸ்ஸேஸ்' முதல் தொகுதியில் இருக்கிறது. இறக்குமதி விலையில் இந்த இரட்டிப்பு வயிற்றெரிச்சல் தரும். எதையும் வாங்குமுன் பதிப்பகத்தின் தளத்தில் உள்ளடக்கப் பக்கத்தை எடுத்து, கையில் இருப்பதோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

பணம் கொடுக்காமலே கிடைப்பதும் நிறைய. ஹால் நடத்திய பர்மிங்ஹாம் பண்பாட்டு ஆய்வு மையம் அந்தக் காலத்தில் ஸ்டென்சில் வெட்டி உருட்டி வெளியிட்ட ஆய்வுத்தாள்களைப் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகமே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் இடதுசாரி இதழான 'மார்க்சிசம் டுடே'யின் பழைய ஏடுகளும், ஹால் இளைஞராக ஆசிரியர் குழுவில் இருந்த 'யுனிவர்சிட்டீஸ் அண்ட் லெஃப்ட் ரிவ்யூ'வும் பேரி அமியல் – நார்மன் மெல்பர்ன் அறக்கட்டளையின் இணையக் காப்பகத்தில் பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. முதல் மூன்று மாதத்துக்கு இவையே போதும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், கோட்பாட்டில் இல்லை, மேலே சொன்ன நேர்காணலில் என்பேன். கேட்டவர் குவான்-சிங் சென். ஹால் பிறந்தது ஜமைக்காவின் கிங்ஸ்டனில், நடுத்தர வகுப்புக் குடும்பத்தில். தந்தைக்கு யுனைடெட் ஃப்ரூட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. தாய்க்கு மனசெல்லாம் இங்கிலாந்து, பழைய தோட்ட முதலாளிகளின் வாழ்க்கை. வீட்டில் எல்லாரையும்விட நிறம் கறுத்த பிள்ளை ஹால். தொட்டிலை எட்டிப் பார்த்த அக்கா, "இந்தக் கூலிக் குழந்தையை எங்கிருந்து கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்டாளாம். அங்கே கூலி என்றால் கரும்புத் தோட்டத்துக்கு வந்த ஏழை இந்தியர், ஏணியின் கடைசிப் படி. பிற்பாடு அதே அக்கா பார்படோசிலிருந்து வந்த ஒரு மருத்துவ மாணவரை விரும்பினாள். அவர் நிறம் அதிகம் கறுப்பு என்று பெற்றோர் தடுத்தார்கள். அக்காவின் மனநிலை உடைந்தது, மின் அதிர்ச்சிச் சிகிச்சை கொடுத்தார்கள். ஒரு காலனியின் நிறக் கணக்கு குடும்பத்துக்குள் புகுந்து ஆளைத் தின்னும் என்று தான் கண்டது அங்கேதான் என்கிறார் ஹால். இதைப் படித்தபின், அடையாளம் பற்றி அவர் எழுதிய மிக வறண்ட பத்தியும் வேறு மாதிரி ஒலிக்கும். 2017இல் பில் ஸ்வார்ஸோடு சேர்ந்த தன்வரலாறாக 'ஃபெமிலியர் ஸ்ட்ரேஞ்சர்' வந்தது. அருமையான புத்தகம்தான், ஆனால் 1960களின் தொடக்கத்தோடு நின்றுவிடும். அதில் பர்மிங்ஹாம் ஆண்டுகளைத் தேடினால் ஏமாற்றம்தான். நேர்காணல் சில பத்துப் பக்கங்களில் முழுக் கோட்டையும் போட்டுக் காட்டிவிடும்.

அந்தக் கோட்டைச் சுருக்கமாகச் சொன்னால்: 1951இல் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு மெர்ட்டன் கல்லூரி, ஆங்கில இலக்கியம். ஹென்றி ஜேம்ஸ் பற்றித் தொடங்கிய முனைவர் ஆய்வைக் கைவிட்டார். 1956இல் பிரிட்டனின் சூயஸ் படையெடுப்பும் ஹங்கேரியில் சோவியத் டாங்குகளும் ஒரே நேரத்தில் வந்தன. இரண்டு பக்கமும் நம்ப முடியாதவர்கள் சேர்ந்து புதிய இடதுசாரிகள் ஆனார்கள். 1960இல் 'நியூ லெஃப்ட் ரிவ்யூ' தொடங்கியபோது முதல் ஆசிரியர் ஹால்தான். நடுவில் தெற்கு லண்டனில் பள்ளி ஆசிரியர் வேலை. 1958இல் நாட்டிங் ஹில்லில் கறுப்பர்களைத் தாக்கும் கலவரம் நடந்தபோது, தன் வகுப்பு வெள்ளைப் பையன்களே பள்ளி முடிந்ததும் ரயிலேறி அங்கே போவதைக் கண்டார். 1964இல் ரிச்சர்ட் ஹோகார்ட் தொடங்கிய பர்மிங்ஹாம் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தில் சேர்ந்தார். 1968 முதல் அதை நடத்தியவர் அவரே. 1979இல் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர், 1997இல் ஓய்வு.

இந்த ஆண்டுகளைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஹால் எழுதிய ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தேதியில், குறிப்பிட்ட எதிராளிக்குச் சொன்ன பதில். தேதியைக் கழற்றிவிட்டால் ஒரு ஹால் இன்னொரு ஹாலோடு முட்டிக்கொள்வார். உதாரணம், 1964இல் பேடி வானலோடு சேர்ந்து எழுதிய 'தி பாப்புலர் ஆர்ட்ஸ்'. வெகுசனக் கலையை வகுப்பறையில் எப்படிக் கற்பிப்பது என்று ஆசிரியர்களுக்காக எழுதியது. அதில் ஜாஸ் நல்ல கலை, தொழிற்சாலையில் வார்த்தெடுத்த பாப் பாட்டு தரம் குறைவு என்ற தராசு வேலை செய்கிறது. 2018இல் இது மறுபதிப்பு வந்ததால், 'முதல் புத்தகம்தானே' என்று இதிலேயே தொடங்குவது எளிது. தொடங்கினால், 1992இல் உயர்வு–தாழ்வு என்ற கோட்டையே கேள்வி கேட்கிற ஹாலைக் காணும்போது தலை சுற்றும். இதைக் கடைசியாகப் படியுங்கள்.

அடுத்து, எல்லாப் பாடத்திட்டத்திலும் இருக்கும் அந்த வரைபடம். 1973இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்குக்காக ஹால் எழுதிய 'என்கோடிங் – டிகோடிங்' கட்டுரை அது. லெஸ்டரில் இருந்தவர்கள் ஊடக உள்ளடக்கத்தை எண்ணிக் கணக்கிடும் முறையில் கைதேர்ந்தவர்கள். செய்தி என்பது இங்கிருந்து அங்கே அனுப்பும் பார்சல் இல்லை என்று அவர்கள் வீட்டுக்குள்ளேயே போய்ச் சொன்னார். வரைபடத்தில் இடப்பக்கம் தயாரிப்பு, வலப்பக்கம் பார்வையாளர், மேலே நிகழ்ச்சி. இரண்டு பக்கத்திலும் 'அர்த்த அமைப்பு' என்று எழுதி, ஒன்றுக்கு 1, மற்றதற்கு 2 என்று எண் போட்டிருப்பார். அந்த 1, 2தான் கட்டுரையின் உயிர்: இரண்டும் பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை. பிறகு பார்வையாளரின் மூன்று நிலைகள். சொன்னதைச் சொன்னபடியே ஏற்பவர். பொதுவாக ஏற்று, தன் விஷயத்தில் விலக்கு கேட்பவர். முழுக்க எதிர்த்து வாசிப்பவர். ஹால் தரும் எடுத்துக்காட்டு ஒரு தொழிலாளி. 'விலைவாசியைக் கட்டுப்படுத்த எல்லாரும் ஊதியத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்' என்ற செய்தியைக் கேட்டு நாட்டு நலன் என்று தலையாட்டுவார். மறுநாள் தன் பட்டறையில் ஊதிய உயர்வுக்கு வேலைநிறுத்தம் செய்வார். இது இரண்டாம் நிலை. 'நாட்டு நலன்' என்ற சொல் வரும்போதெல்லாம் 'வர்க்க நலன்' என்று காதில் விழுகிறவர் மூன்றாம் நிலை.

இங்கேதான் பல ஆய்வேடுகள் கவிழ்கின்றன. மூன்று கட்டம் போட்டுக் கேள்வித்தாள் தயாரித்து, இத்தனை சதவீதம் ஏற்றார், இத்தனை சதவீதம் எதிர்த்தார் என்று எழுதுவது. எண்ணிக் கணக்கிடுவதை எதிர்த்து எழுதிய கட்டுரையை வைத்தே எண்ணுகிற வேலை! விளைவு என்ன என்றால், முக்கால்வாசிப் பேர் நடுக்கட்டத்தில் விழுவார்கள், ஒன்றும் தெரியாது. இதை உண்மையில் சோதித்தவர் டேவிட் மோர்லி. பிபிசியின் 'நேஷன்வைட்' நிகழ்ச்சியை 29 குழுக்களுக்குப் போட்டுக் காட்டிப் பேசவைத்து, 1980இல் வெளியிட்டார். வங்கி மேலாளர்களும் தொழிற்பயிற்சிப் பையன்களும் ஒரே பக்கம் நின்றார்கள். வர்க்கத்தை வைத்து முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. கறுப்பின மாணவர்கள் சிலரோ எதிர்க்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. இது நமக்கானதே இல்லை என்று பேசாமல் இருந்தார்கள். மூன்று கட்டத்துக்கும் வெளியே விழுந்த அந்த மௌனம்தான் மோர்லியின் ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது. ஆகவே களத்துக்குப் போகிறவர் 'ஏற்கிறீர்களா?' என்று கேட்காமல், பார்த்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நிகழ்ச்சியின் சொற்களையே பயன்படுத்துகிறாரா, எந்த இடத்தில் தன் சொல்லுக்கு மாறுகிறார், எதை விட்டுவிடுகிறார் என்று குறியுங்கள். இன்னொன்று: ஹாலின் இந்தக் கட்டுரை 1980இல் ஒரு தொகுப்பு நூலில் வந்தது சுருக்கப்பட்ட வடிவம். 1973 மூலத்தில் கௌபாய் படங்களைப் பற்றி ஒரு பகுதி உண்டு; எந்த வடிவத்தை மேற்கோள் காட்டுகிறோம் என்று எழுதாவிட்டால் தேர்வாளர் கேட்பார், பதில் இருக்காது.

'போலீசிங் தி கிரைசிஸ்' (1978) நாலு பேரோடு சேர்ந்து எழுதியது, ஏறக்குறைய 400 பக்கம். தனியாகப் படிக்கிறவரை மூச்சுத் திணறவைக்கும் புத்தகம் இது. 1972இல் பிரிட்டிஷ் பத்திரிகைகள் தெருக்கொள்ளையை 'மக்கிங்' என்ற அமெரிக்கச் சொல்லால் அழைக்கத் தொடங்கின. லண்டனில் நாலாண்டில் 129 சதவீதம் கூடிவிட்டது என்று ஒரு எண்ணும் சுற்றியது. புத்தகம் அந்த எண்ணையே பிடிக்கிறது. சட்டத்தில் 'மக்கிங்' என்று ஒரு குற்றமே கிடையாது; இல்லாத குற்றம் எப்படி 129 சதவீதம் கூடும்? பர்மிங்ஹாமின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் நடந்த ஒரு தாக்குதலுக்காக 1973 மார்ச்சில் 16 வயதுப் பையன் ஒருவனுக்கு 20 ஆண்டும், கூட இருந்த இருவருக்குப் பத்துப் பத்து ஆண்டும் தண்டனை கிடைத்தது. மையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இல்லாவிட்டாலும் அதே ஊரில் நடந்தது. தண்டனையை எதிர்த்த குழுவில் மைய மாணவர்கள் இருந்தார்கள். அங்கிருந்துதான் ஆய்வு கிளம்பியது. முதல் அத்தியாயம், செய்தி எப்படி உற்பத்தியாகிறது என்ற மூன்றாம் அத்தியாயம், பிறகு நேராகப் பத்தாம் அத்தியாயம். இந்த வரிசையில் படியுங்கள். நடுவில் எட்டும் ஒன்பதும் 1945க்குப் பிந்தைய பிரிட்டிஷ் அரசியல் வரலாறு. அதை முன்னறிவு இல்லாமல் படித்தால் ஒட்டாது. போருக்குப் பிந்தைய பிரிட்டன் பற்றி ஏதாவது ஓர் எளிய வரலாற்றைப் படித்துவிட்டுத் திரும்புங்கள். இதே கையோடு 1979 ஜனவரி 'மார்க்சிசம் டுடே'யில் ஹால் எழுதிய வலதுசாரித் திருப்பம் பற்றிய கட்டுரையைப் படித்தால், தாட்சர் மே மாதம் பிரதமர் ஆகுமுன்பே 'தாட்சரிசம்' என்று பெயர் வைத்து அவர் எழுதியிருப்பது தெரியும்.

இனி வெகுசனப் பண்பாடு. 1981இல் ரஃபேல் சாமுவேல் தொகுத்த நூலில் வந்த சிறு கட்டுரை ஒன்றில், வெகுசனம் என்பதற்கு வழக்கமாகத் தரும் இரண்டு விளக்கங்களை ஹால் ஒதுக்குகிறார். நிறையப் பேர் வாங்குவதெல்லாம் வெகுசனம் என்பது ஒன்று; மக்கள் செய்வதெல்லாம் வெகுசனம் என்பது இன்னொன்று. முதலாவது மக்களை ஏமாளிகள் ஆக்குகிறது. இரண்டாவது முடிவில்லாத பட்டியல் ஆகிவிடுகிறது. அவர் சொல்வது உறவைப் பற்றி: ஆதிக்கப் பண்பாட்டுக்கும் இதற்கும் நடுவே ஓயாமல் நடக்கும் இழுபறி. இன்று எதிர்ப்பாக இருக்கும் பாட்டு நாளை விளம்பரத்தில் ஒலிக்கும். அர்த்தம் அந்தப் பாட்டுக்குள் இல்லை, அது நிற்கும் இடத்தில்தான். சோஷலிசம் உருவாகக்கூடிய இடங்களில் ஒன்று என்பதால்தான் இந்த வெகுசனப் பண்பாடு எனக்கு முக்கியம், இல்லாவிட்டால் எனக்கு இதில் கொஞ்சமும் அக்கறையில்லை என்ற தொனியில் கட்டுரையை முடிக்கிறார். ரசிகராக அவரைத் தேடிப் போகிறவர்களுக்கு இது சுடும். எனக்குச் சுட்டது.

அடுத்துப் படிக்க வேண்டியதாக நான் அடித்துச் சொல்வது, 1997இல் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பாடநூலாக வந்த 'ரெப்ரசென்டேஷன்' தொகுப்பில் ஹாலின் நான்காம் அத்தியாயம். அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர முன்தகுதி தேவையில்லை. வீட்டிலிருந்து தபாலிலும் தொலைக்காட்சியிலும் படிக்கிறவர்களுக்காக எழுதியது. அதனால் நடுநடுவே நிறுத்தி, இந்தப் படத்தைப் பார், என்ன தோன்றுகிறது எழுது என்று பயிற்சி தருவார். பயிற்சியைத் தாண்டிப் போகாதீர்கள். முதல் படம் 1988 சியோல் ஒலிம்பிக் 100 மீட்டர் ஓட்டம்: கறுப்பின வீரர் பென் ஜான்சன் வென்ற கணம், ஊக்கமருந்து செய்திக்குப் பின் ஒரு பத்திரிகை அட்டையில் 'வீரர்களும் வில்லன்களும்' என்ற தலைப்போடு. ஒரே படம் வெற்றியையும் அவமானத்தையும் சொல்கிறது. தலைப்புதான் எதைப் பார்ப்பது என்று பிடித்து நிறுத்துகிறது. அதிலிருந்து பின்னோக்கி, கறுப்புக் குழந்தையைச் சோப்புப் போட்டு வெளுக்கவைக்கும் விக்டோரிய கால விளம்பரங்கள், தோட்டக்கால அடிமைப் படங்கள், ஹாலிவுட் படங்களில் வரும் கறுப்பர்களைத் திரைப்பட வரலாற்றாளர் டொனால்டு போகில் பட்டியலிட்ட வகைகள்: பணிந்துபோகும் 'டாம்', கோமாளி 'கூன்', கலப்பினச் சோகப் பெண், தாதி 'மாமி', முரட்டு 'பக்'. சினிமா பார்க்கிற எவருக்கும் இந்த இடம் உடனே பிடிபடும்.

அத்தியாயத்தின் கடைசிப் பகுதியே நமக்குத் தேவை: இப்படி ஒரே அச்சில் வார்த்த படங்களை, அதாவது வார்ப்புருவை, எப்படி எதிர்ப்பது? ஹால் மூன்று வழி சொல்கிறார், மூன்றிலும் ஓட்டை காட்டுகிறார். ஒன்று, தலைகீழாக்குவது. 1971இல் 'ஷாஃப்ட்', 1972இல் 'சூப்பர்ஃப்ளை' போல வெள்ளையருக்கு அடங்காத கறுப்புக் கதாநாயகன். ஆனால் முரட்டு ஆண்மை என்ற பழைய படம் அப்படியே இருக்கிறது, குறி மட்டும் மாறுகிறது. இரண்டு, நல்ல படங்களைக் கூட்டுவது: 'கறுப்பே அழகு'. பட்டியல் நீள்கிறது, கெட்ட படம் அழியவில்லை. மூன்று, பார்க்கும் பார்வையையே உள்ளிருந்து குலைப்பது, வார்ப்புருவின் வடிவத்தையே எடுத்து விளையாடுவது. அதிலும் ஆபத்து உண்டு, பார்ப்பவர் பழையபடியே பார்த்துவிட்டுப் போகலாம். உங்கள் ஆய்வுப் பொருள் எதுவானாலும் இந்த மூன்றையும் அதன்மேல் வைத்துப் பாருங்கள். ஒரு அத்தியாயத்துக்கான எலும்புக்கூடு கிடைத்துவிடும். 2013இல் இரண்டாம் பதிப்பு வந்தது, பக்க எண்கள் வேறு. பழைய பதிப்பே இந்த வேலைக்குப் போதும். நூலகங்களில் பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் 'கறுப்பு வெகுசனப் பண்பாட்டில் இந்தக் கறுப்பு என்பது என்ன?' என்ற கட்டுரைக்கு வர வேண்டும். பலரும் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள், ஏனென்றால் பத்துப் பக்கம்தான். பத்துப் பக்கத்திலும் வழுக்கும். 1991 டிசம்பரில் நியூயார்க்கில், ஹார்லெம் ஸ்டுடியோ மியூசியமும் டியா கலை மையமும் இடம் கொடுத்த மாநாட்டில் பேசியது. மிஷெல் வாலஸ் முன்னெடுத்தார், ஜீனா டென்ட் தொகுத்து 1992இல் நூலானது. கார்னல் வெஸ்ட், பெல் ஹுக்ஸ், ஏஞ்சலா டேவிஸ், டிரிஷியா ரோஸ், பால் கில்ராய் ஆகிய கறுப்பினச் சிந்தனையாளர்கள் எல்லாரும் அந்த நூலில் இருக்கிறார்கள். முதல் பக்கத்தில் 'இந்தக் கேள்வியை இப்போது கேட்பது ஏன்?' என்று ஆரம்பித்து மூன்று காரணங்களை அடுக்குவார்: ஐரோப்பிய உயர் பண்பாடு தன் இடத்தை இழந்தது, அமெரிக்கா உலக வல்லரசானது, காலனிகள் விடுதலை பெற்றன. இவை கார்னல் வெஸ்டிடமிருந்து எடுத்தவை. வேற்றுமையின் பண்பாட்டு அரசியல் பற்றி 1990இல் வெஸ்ட் எழுதிய கட்டுரையை முதலில் படித்துவிட்டால் அந்தப் பக்கம் தடுக்காது.

நடுவில் எல்லாரும் அடிக்கோடிடும் இடம் வரும். கறுப்பு மரபில் மூன்று விஷயங்களைக் கவனி என்கிறார். பாணி: மற்றவர்கள் மேல்பூச்சு என்று தள்ளுவது இங்கே விஷயமே அதுதான். இசை: எழுத்தை அதிகாரமாக வைத்திருந்த உலகத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள், தங்கள் ஆழத்தை இசையில் வைத்தார்கள். உடல்: பல வேளைகளில் அவர்களிடம் இருந்த ஒரே பண்பாட்டுச் சொத்து அதுதான், அதையே ஓவியத் திரையாக்கினார்கள். அடிக்கோடிட்டுவிட்டு இங்கேயே நிறுத்துகிறவர்கள் ஏராளம். நிறுத்தினால் ஹால் சொன்னதற்கு நேர் எதிரான ஹால் கிடைப்பார். அடுத்த பத்தியிலேயே, தூய கறுப்பு வடிவம் என்று எதுவும் இல்லை, எல்லாம் கலந்தது, பேரம் பேசிப் பெற்றது என்கிறார். கறுப்பு என்ற அடையாளத்தை வரலாற்றிலிருந்து பிடுங்கி இரத்தத்தில் வைத்தால், இனவெறியர்கள் நிற்கும் தரையிலேயே நாமும் நிற்கிறோம் என்று எச்சரிக்கிறார். கறுப்பாக இருப்பதாலேயே ஒரு படம் முற்போக்கு ஆகிவிடாது. கறுப்பு ஆண்மையைத் தூக்கிப் பிடிக்கும் பாட்டு, பெண்களையும் தன்பாலீர்ப்பாளர்களையும் மிதித்துக்கொண்டே தூக்கலாம். கடைசியில், வெகுசனப் பண்பாடு நாம் உண்மையில் யார் என்று கண்டுபிடிக்கிற இடமே இல்லை, அது ஆசைகளும் கற்பனைகளும் நடிக்கப்படும் மேடை என்கிறார். ஆக, பாணி–இசை–உடல் என்ற பத்தியை மேற்கோள் காட்டினால், அதற்கடுத்த இரண்டு பத்திகளையும் சேர்த்தே காட்டுங்கள்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். இசை இசை என்கிறார், ஒரு பாட்டைக்கூடப் பிரித்துக் காட்டுவதில்லை. அந்த வேலைக்கு டிரிஷியா ரோஸ் ராப் இசை பற்றி எழுதிய 'பிளாக் நாய்ஸ்' (1994) வேண்டும். பழைய பாட்டின் துண்டை எடுத்துப் புதுப் பாட்டில் கோக்கும் சாம்பிளிங் எப்படி நடக்கிறது, டிரம் மெஷினில் அடித்தளச் சத்தத்தை ஏன் அளவுக்கு மேல் ஏற்றுகிறார்கள் என்றெல்லாம் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள்ளேயே போய் எழுதியவர் அவர். ஹால் கேள்வியைக் கூர்மையாக்கித் தருவார். காது கொடுத்துக் கேட்கும் வேலைக்கு வேறு ஆள் தேவை.

நம்மவர்களுக்கு என்று தனியாக ஒன்று. அமெரிக்க எழுத்தைப் படித்துப் பழகியவருக்குக் கறுப்பு என்றால் ஆப்பிரிக்க வழியினர். 1970, 80களின் பிரிட்டனில் அந்தச் சொல்லுக்குள் கரீபியர்களோடு இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கையர் எல்லாரும் அடக்கம்; காலனியிலிருந்து வந்து ஒரே இனவெறியைச் சந்தித்தவர்களின் அரசியல் பெயர் அது. அந்தப் பெயரின் கீழ் லண்டனில் முன்னணியில் நின்றவர் ஒரு யாழ்ப்பாணத் தமிழர், அ. சிவானந்தன். இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1958 கலவரத்துக்குப் பின் கொழும்பை விட்டுப் போனவர். இன உறவுகள் நிறுவனத்தில் நூலகராகச் சேர்ந்து பிறகு அதன் இயக்குநர் ஆனவர். 'ரேஸ் அண்ட் கிளாஸ்' இதழின் ஆசிரியர். 1988இல் ஹால், இந்த ஒற்றைக் கறுப்பு என்ற குடையின் காலம் முடிகிறது, அதற்குள் இருக்கும் வேற்றுமைகளைப் பேச வேண்டும் என்று 'புதிய இனத்துவங்கள்' பேச்சில் சொன்னார். அதே காலத்தில் ஹாலும் இருந்த 'மார்க்சிசம் டுடே' வட்டம், முதலாளித்துவம் மாறிவிட்டது, இடதுசாரிகளும் மாற வேண்டும் என்று 'புதிய காலம்' என்ற பெயரில் பேசிய பேச்சு முழுவதையும் வெறும் பசப்பு என்று 1990இல் சிவானந்தன் கிழித்தார். அடையாளம், பாணி, நுகர்வு என்று பேசிப் பேசி, பட்டினியும் தொழிலாளியும் கணக்கிலிருந்து காணாமல் போய்விட்டார்கள் என்பது அவர் கோபம். ஹாலைப் படிக்கிற வகுப்புகளில் இந்தச் சண்டையை யாரும் சொல்வதில்லை. என் கட்சி பாதி இங்கே, பாதி அங்கே: பெயருக்குள் இருக்கும் வேற்றுமையை ஹால் சரியாகப் பார்த்தார், அதைப் பார்த்தபின் யாரோடு யார் சேர்ந்து நிற்பது என்ற சிவானந்தனின் கேள்விக்கு அவரிடம் திருப்தியான பதில் இல்லை. இருவரையும் அடுத்தடுத்துப் படியுங்கள்.

படித்துக் களைத்துப்போனால் பார்க்கவும் இருக்கிறது. 1979இல் பிபிசியின் பொதுமக்கள் நேரத்தில், பிபிசியின் நகைச்சுவைத் தொடர்களையும் செய்திகளையும் எடுத்துப் போட்டே அவற்றின் இனவெறியைக் காட்டிய நிகழ்ச்சி. ஹாலும் மேகி ஸ்டீடும் தொகுத்து வழங்கினார்கள். 1991இல் கரீபியத் தீவுகளைச் சுற்றி அவர் வழங்கிய ஏழு பகுதித் தொடர் 'ரிடெம்ப்ஷன் சாங்'. ஜான் அகோம்ஃப்ராவின் 'தி ஸ்டூவர்ட் ஹால் ப்ராஜெக்ட்' (2013), பழைய ஒளிப்பதிவுகளை மைல்ஸ் டேவிஸ் இசையோடு கோத்தது. அவர் குரலை ஒருமுறை கேட்டபின் எழுத்தின் வாக்கிய ஓட்டம் பிடிபடும். முக்கால்வாசி எழுத்து பேச்சாகப் பிறந்தது என்பதால், கடினமான பத்தியை வாய்விட்டுப் படித்தால் எங்கே அழுத்தம் என்று தெரியும்.

குறிப்பு எடுக்கும்போது ஒவ்வொரு கட்டுரைக்கும் நாலு வரி எழுதுங்கள்: எந்த ஆண்டு, எந்த மேடை, எதிராளி யார், அந்த மாதம் பிரிட்டனில் என்ன நடந்துகொண்டிருந்தது. மேற்கோள் அதற்குப் பிறகு. 'ஆர்ட்டிகுலேஷன்' போன்ற சொல் வரும்போது அகராதிக்குப் போகாதீர்கள். அவரே ஒரு பேட்டியில் முன்வண்டியும் பின்தொட்டியும் கொக்கி போட்டு இணைத்த லாரியைக் காட்டி விளக்கியிருக்கிறார்: இணைக்கலாம், கழற்றலாம், என்றென்றைக்கும் ஒட்டியது இல்லை. அந்தப் பேட்டியும் 1996 தொகுப்பில் உண்டு. ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால், 'ரெப்ரசென்டேஷன்' நூலகத்தில் கிடைக்கும் என்பதால் அதை விட்டுவிட்டு 'எசென்ஷியல் எஸ்ஸேஸ்' இரண்டாம் தொகுதியை வாங்குங்கள். நேர்காணலும் கறுப்பு வெகுசனப் பண்பாடு கட்டுரையும் அதிலேயே இருக்கின்றன. தொலைக்காட்சிக் கட்டுரையின் 1973 வடிவம் பர்மிங்ஹாம் தளத்தில் காசில்லாமல் கிடைக்கும்.